தூங்காத கொடி: கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை வளர்ப்பது எப்படி

பன்னீர் திராட்சை வைக்கலாம் என்று யோசிப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது பந்தல் செலவைத்தான். கல்தூண் எத்தனை வேண்டும், கம்பி எந்த கேஜ், சொட்டுநீருக்கு மானியம் கிடைக்குமா. எல்லாம் கேட்க வேண்டியவைதான். ஆனால் அதற்கு முன்னால் ஒரு விஷயத்தை மனதில் வாங்கிக்கொண்டால், பிறகு வரும் ஒவ்வொரு வேலைக்கும் காரணம் தானாகப் புரிந்துவிடும். எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் இந்தக் கொடி தூங்குவதே இல்லை.

குளிர் நாடுகளில் திராட்சைக் கொடி பனிக்காலத்தில் இலையை உதிர்த்துவிட்டு மாதக்கணக்கில் சும்மா கிடக்கும். நாசிக் பக்கம் ஆண்டுக்கு இரண்டு கவாத்து, அதாவது குச்சிகளை வெட்டிவிடும் வேலை, உண்டு. ஆனால் ஏப்ரலில் வெட்டுவது குச்சி வளர்ப்பதற்கு, அக்டோபரில் வெட்டுவதுதான் பழத்துக்கு. இங்கே நாம் வெட்டும் இரண்டு கவாத்தும் பழத்துக்கே. ஆகவே குலை தொங்கிக்கொண்டிருக்கும் அதே குச்சியில், இலைக்காம்பின் இடுக்கில் இருக்கும் மொட்டுக்குள், அடுத்த போகத்துக் குலையும் உருவாகிக்கொண்டிருக்கிறது. கண்ணுக்குத் தெரிவது ஒரு போகம். கொடி சுமப்பது இரண்டு. இந்தப் போகத்தில் பந்தலை இருட்டாக விட்டால் அதற்கான தண்டனை அடுத்த போகத்தில்தான் வரும். அதற்குள் நாம் காரணத்தை மறந்திருப்போம், மருந்துக் கடையைத் தேடிப் போவோம்.

பன்னீர் என்று நாம் சொல்வது மஸ்கட் ஹாம்பர்க் என்ற பழைய ரகம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் உருவானது. மரபணுச் சோதனையில் தாய் தகப்பன் யார் என்பதும் தெரிந்துவிட்டது: ஸ்கியாவா கிராஸா என்ற கறுப்புத் திராட்சையும், மஸ்கட் ஆஃப் அலெக்ஸாண்ட்ரியா என்ற வெள்ளைத் திராட்சையும். கறுப்பு நிறம் ஒரு பக்கத்திலிருந்து வந்தது, பன்னீர் வாசம் இன்னொரு பக்கத்திலிருந்து வந்தது. லண்டனுக்குப் பக்கத்தில் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் 1768-ல் நட்ட ஸ்கியாவா கிராஸா கொடி ஒன்று இன்றும் காய்த்துக்கொண்டிருக்கிறது. நம் பன்னீருக்கு அது தாய்வழிச் சொந்தம் என்று நினைக்கும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருக்கும். ஜப்பானில் 1927-ல் மஸ்கட் ஹாம்பர்க்கைக் கலந்து உருவாக்கிய மஸ்கட் பெய்லி ஏ, இன்று அந்த நாட்டின் பேர்போன சிவப்பு ஒயின் ரகம். கலிபோர்னியாவில் இதே பழத்திலிருந்து விருந்துக்குப் பின் குடிக்கும் இனிப்பு ஒயின் செய்கிறார்கள். எங்கள் ஊர்களுக்கு இதைக் கொண்டுவந்தது ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் என்பது ஊர்ப்பேச்சு. யார் கொண்டுவந்தாலும் இது இங்கே வேர் பிடித்துவிட்டது. 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சை என்ற பெயருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இந்த ரகம் இங்கே நிலைத்ததற்கு மண்ணும் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரும் மட்டும் காரணம் இல்லை. குச்சியின் அடிப்பக்கத்து மொட்டுகளிலேயே பழம் கொடுக்கும் குணம் பன்னீருக்கு உண்டு. விதையில்லாத தாம்ஸன் ரகம் அப்படி இல்லை. அதற்குக் குச்சியின் மேலே போகப் போகத்தான் காய்க்கிற மொட்டு கிடைக்கும், அதற்கென்று தனியாக ஒரு வளர்ச்சிக் காலமும் வேண்டும். பன்னீர் நாலு மொட்டுக்குள் பழத்தைக் காட்டிவிடும். அதனால்தான் தூங்காமல் காய்க்க முடிகிறது.

நிலமும் நடவும்

தண்ணீர் தேங்காத நிலமாக இருக்க வேண்டும். அதுதான் முதல் நிபந்தனை. மண்ணின் கார அமில நிலை 6.5 முதல் 7 வரை இருந்தால் நல்லது. மண்ணையும் கிணற்றுத் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு அப்புறம் பந்தலைப் பற்றிப் பேசுங்கள். உப்பு கூடிய தண்ணீர் இருந்தால் இலை ஓரம் கருகிக்கொண்டே இருக்கும், எந்த உரம் போட்டாலும் தேறாது. ஆனைமலையன்பட்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இந்தப் பக்கத்து விவசாயி அங்கே போய்ப் பேசாமல் கொடி நடுவது சரியில்லை என்பது என் எண்ணம்.

நடவுக்கு ஜூன், ஜூலை ஏற்ற மாதங்கள். 2 அடி அகலம், 2 அடி ஆழத்துக்கு வாய்க்கால் போல் நீளக் குழி எடுத்து, மக்கிய எரு, பசுந்தழை, மேல்மண் மூன்றையும் போட்டு மூடி, ஒரு மழை அல்லது ஒரு பாய்ச்சல் தண்ணீரில் படியவிட வேண்டும். வரிசைக்கு வரிசை 3 மீட்டர், கொடிக்குக் கொடி 2 மீட்டர். ஏக்கருக்கு 670 கொடிகள் போல வரும். நெருக்கி வைத்தால் நிறைய காய்க்கும் என்று சிலர் இடைவெளியைக் குறைப்பார்கள். மூன்றாவது வருடம் கொடிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, பந்தல் கூரை போல் அடைத்துக்கொள்ளும். அது இந்தக் கொடிக்கு ஏன் ஆகாது என்பதைக் கீழே சொல்கிறேன்.

குச்சி தேர்ந்தெடுப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். நன்றாகக் காய்க்கிற கொடிகளை, பழம் தொங்கும்போதே பார்த்து, தண்டில் துணி கட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். கவாத்தில் விழும் குச்சிகளில் பென்சில் பருமன் உள்ள, பழுப்பு நிறத்துக்கு முற்றிய குச்சியை நாலு மொட்டு இருக்கும்படி நறுக்க வேண்டும். அடி வெட்டு கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக, மேல் வெட்டு மொட்டுக்கு ஓர் அங்குலம் மேலே நேராக. இப்படி வெட்டினால் நடுகிறவர்கள் தலைகீழாக நட்டுவிட மாட்டார்கள். இரண்டு மொட்டு மண்ணுக்குள், இரண்டு மொட்டு வெளியே. பையில் வைத்து மூன்று மாதம் போல வளர்ந்த பிறகு நிலத்துக்கு மாற்றலாம்.

பழைய திராட்சைத் தோட்டத்தைப் பிடுங்கிவிட்டு அதே இடத்தில் திரும்ப நடப்போகிறீர்கள் என்றால் வேரைத் தாக்கும் நூற்புழுவைப் பற்றி யோசிக்காமல் இறங்காதீர்கள். பிடுங்கிய கொடியின் மெல்லிய வேரைக் கழுவிப் பாருங்கள். வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருந்தால் மண்ணில் அது இருக்கிறது. அந்த நிலத்தில் ஒன்றிரண்டு போகம் செண்டுமல்லி போடலாம். அதன் வேர் நூற்புழுவைக் குறைக்கும். அப்படியும் சொந்த வேரில் நிற்கும் குச்சி வேண்டாம், டாக்ரிட்ஜ் வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டிய கன்று வாங்குங்கள். விலை கூடத்தான். நூற்புழு பிடித்த கொடியை வைத்துக்கொண்டு வருடா வருடம் உரத்துக்குக் கொட்டுவதைவிட அது மேல்.

பந்தல் உயரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தோட்டக்காரர்கள் தூணை மலிவாகப் பார்த்து ஊன்றிவிட்டு, அது எவ்வளவு உயரம் வருகிறதோ அதுதான் பந்தல் என்று விட்டுவிடுகிறார்கள். பந்தலுக்கு அடியில் நாள் முழுக்கக் கையை மேலே தூக்கி வேலை செய்யப் போகிறவர்கள் பெண்கள். பிஞ்சு கழிப்பது, குலையைத் தொங்கவிடுவது, கொடி பிடித்து ஏறச் சுருண்டு வரும் பற்றுக்கம்பியைக் கிள்ளுவது எல்லாம் அவர்கள் வேலை. கழுத்தை வளைக்காமலும் எக்கி நிற்காமலும் கை எட்டும் உயரம்தான் சரியான உயரம். ஆறடி, ஆறரை அடிக்குள் அது வரும். அவர்களையே கூப்பிட்டு நிற்கவைத்துப் பார்த்துவிட்டுக் கம்பியைக் கட்டுங்கள். வலியோடு செய்கிற வேலை சுத்தமாக இருக்காது, அவர்களை அப்படி வலிக்கவிடுவது நியாயமும் இல்லை.

கன்றை ஒரு கம்பு ஊன்றி ஒற்றைத் தண்டாகப் பந்தல்வரை ஏற்றுங்கள். பக்கத்தில் வரும் தளிர்களைக் கிள்ளிக்கொண்டே வர வேண்டும். பந்தலைத் தொட்டதும் நுனியைக் கிள்ளினால் இரண்டு கிளை வரும். இரண்டையும் எதிரெதிர்த் திசையில் கம்பியில் படரவிட்டு, அவற்றின் நுனியையும் கிள்ளி, அதிலிருந்து இரண்டாம் கிளைகளை இருபுறமும் பரப்ப வேண்டும். இந்தச் சட்டகம் உருவாகும்வரை பழத்துக்கு ஆசைப்படக் கூடாது. அங்கே ஒன்று இங்கே ஒன்று பூ வந்தால் கிள்ளி எறிந்துவிடுங்கள்.

கவாத்து

திராட்சை விவசாயத்தில் பாதி கவாத்துதான். எப்போது வெட்டுவது, எப்படி வெட்டுவது என்று இதில் இரண்டு கேள்வி இருக்கிறது.

எப்போது என்பதற்குப் பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும். கவாத்து முடிந்து பத்துப் பதினைந்து நாளில் தளிர் வரும். ஏறக்குறைய 40-ஆம் நாள் பூக்கும். 80 நாளைத் தாண்டியதும் நிறம் ஏறத் தொடங்கும். 110 முதல் 120 நாளில் பழம் வெட்டுக்கு வரும். பூக்கும்போது மழை பெய்தால் பூ கொட்டும், அடிச்சாம்பல் என்ற பூஞ்சை நோய் பிடிக்கும். பழுக்கும்போது மழை பெய்தால் பழம் வெடிக்கும். ஆகவே இந்த இரண்டு கட்டமும் மழையில் மாட்டாதபடி வெட்ட வேண்டும். டிசம்பர், ஜனவரியில் வெட்டினால் ஏப்ரல், மே மாதத்தில் பழம். இதுதான் நம்பிக்கையான போகம். மே, ஜூனில் வெட்டினால் ஆகஸ்ட், செப்டம்பரில் பழம். இதில் பூக்கும் சமயத்தில் மேற்கிலிருந்து சாரல் வரும், கவனமாக இருக்க வேண்டும். ஆகஸ்டில் வெட்டினால் நவம்பர் அடைமழையில் பழம் தொங்கும். செப்டம்பரில் வெட்டினால் ஐப்பசி மழையில் பூ நிற்கும். வருடம் முழுக்கக் கம்பத்துப் பழம் சந்தையில் இருப்பதற்குக் காரணம் ஒவ்வொருவரும் ஒவ்வொரு தேதியில் வெட்டுவதுதான். மழைக்காலப் பழத்துக்கு நல்ல விலை கிடைப்பதும் உண்மைதான். ஆனால் புதிதாக இறங்குகிறவர் அந்த விலையைப் பார்த்துத் தேதி குறிக்க வேண்டாம். முதல் மூன்று நான்கு போகம் டிசம்பர் கவாத்தையும் மே கவாத்தையும் ஒட்டியே போங்கள்.

கவாத்து வெட்டுவதற்கு 15 நாள் முன்னால் தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். வளர்ச்சி அடங்கி, குச்சியில் சத்து தங்கும். பிறகு மீதி இலைகளைக் கையால் உருவிவிட்டால் குச்சிகள் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும்.

இப்போது ஒரு குச்சியைக் கையில் எடுத்துப் பாருங்கள். முற்றிய குச்சி பழுப்பாக இருக்கும், வளைத்தால் பட்டை லேசாக நொறுங்குகிற சத்தம் வரும். குறுக்கே வெட்டிப் பார்த்தால் நடுவில் இருக்கும் சோறு சின்னதாக, சுற்றியுள்ள கட்டை தடித்திருக்கும். முற்றாத குச்சி பச்சையாகவோ பாதிப் பச்சையாகவோ இருக்கும், நடுச்சோறு அகலமாக, பஞ்சு போலத் தெரியும். ஒரு மொட்டையும் கூர்மையான பிளேடால் மேலிருந்து மெல்லிசாகச் சீவிப் பாருங்கள். கையில் ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் போதும். வெளியே ஒற்றை மொட்டாகத் தெரிவது உள்ளே மூன்று. நடுவில் பெரியது ஒன்று, இரண்டு பக்கமும் சிறியவை. மூன்றும் பச்சையாக இருந்தால் மொட்டு உயிரோடு இருக்கிறது. நடுவில் இருப்பது பழுப்பாகிப் போயிருந்தால் பக்கத்து மொட்டுதான் முளைக்கும், அதில் குலை வருவது குறைவு. மகாராஷ்டிரத்தில் பெரிய தோட்டக்காரர்கள் கவாத்துக்கு முன்னால் மொட்டுகளை ஆய்வகத்துக்கு அனுப்பி, நுண்ணோக்கியில் எந்த மொட்டில் குலை இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் வெட்டும் இடத்தை முடிவு செய்கிறார்கள். நமக்கு அந்த வசதி இல்லாவிட்டாலும், பந்தலின் நாலு மூலையிலும் நடுவிலும் சில குச்சிகளை இப்படிச் சீவிப் பார்ப்பதற்கு அரை மணி நேரம் போதும்.

பென்சில் பருமனுள்ள முற்றிய குச்சிக்கு நாலு மொட்டு விட்டு வெட்டுங்கள். மெலிந்த குச்சிக்கும் முற்றாத குச்சிக்கும் ஒன்று அல்லது இரண்டு மொட்டு போதும். அது இந்த முறை பழம் தர வேண்டாம், நல்ல குச்சியாக வளர்ந்து அடுத்த முறை தரட்டும். எல்லாக் குச்சியையும் ஒரே அளவில் வெட்டிக்கொண்டு போகிறவரிடம் கத்திரியைக் கொடுக்காதீர்கள். கவாத்தை ஏக்கர் கணக்கில் குத்தகைக்கு விடுவதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. குத்தகையில் வேகம் வரும், ஒவ்வொரு குச்சியையும் பார்க்கிற பொறுமை வராது. நாள் கூலி கொடுத்து, கூடவே நின்று வெட்டுங்கள்.

மொட்டை ஒட்டி வெட்டக் கூடாது. அரை அங்குலமாவது விட்டு, சாய்வு மொட்டுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும்படி வெட்டினால் வடியும் நீர் மொட்டில் இறங்காது. வெட்டிய குச்சிகளைத் தோட்டத்துக்குள் போட்டுவைக்காமல் அன்றைக்கே வெளியே எடுத்துவிட வேண்டும். நோயும் பூச்சியும் அதில்தான் தங்கும். தண்டில் உரிந்து தொங்கும் பட்டையையும் கையால் உரித்துவிடுங்கள். மாவுப்பூச்சி ஒளிந்திருப்பது அதற்கடியில்தான்.

மொட்டு ஒரே சமயத்தில் முளைக்க ஹைட்ரஜன் சயனமைடு தடவுவது வடக்கே வழக்கம், இங்கேயும் சிலர் தடவுகிறார்கள். முற்றிய குச்சியாக இருந்தால் பன்னீருக்கு அது இல்லாமலே முளைப்பு நன்றாக வரும் என்பது என் கருத்து. அப்படியும் தடவினால், கையுறையும் முகமூடியும் இல்லாமல் யாரையும் தொடவிடாதீர்கள். அந்த மருந்தைக் கையாள்கிறவர் அதற்கு முந்தின நாளும் பிந்தின நாட்களும் மது குடிக்கக் கூடாது. உடம்பில் இரண்டும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. இதை வேலைக்கு வருகிறவர்களிடம் கூச்சப்படாமல் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்.

வெளிச்சம்

தளிர் ஐந்தாறு இலை விட்டதும் குலை கண்ணுக்குத் தெரியும். இந்தக் கட்டத்தில் ஒரே இடத்தில் இரண்டு மூன்றாக முளைத்தவற்றில் வலுவானதை விட்டு மற்றதைக் கிள்ள வேண்டும். குலை இல்லாத தளிர்களில் நெருக்கமாக இருப்பவற்றை எடுத்துவிட்டு, காலி இடத்தில் இருப்பதை அடுத்த போகத்துக் குச்சிக்காக வைத்துக்கொள்ளலாம். தளிர் 12 முதல் 15 கணு வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். இலை இடுக்கில் கிளம்பும் பக்கத் தளிர்களையும் கிள்ள வேண்டும்.

பற்றுக்கம்பிகளையும் எடுக்க வேண்டும். அப்படி எடுக்கும்போது ஒரு நிமிடம் நின்று உற்றுப் பாருங்கள். சில பற்றுக்கம்பிகளின் நுனியில் இரண்டு மூன்று பிஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கும். சில குலைகளின் தோளில் ஒரு பற்றுக்கம்பி சுருண்டு நிற்கும். இது ஏதோ கோளாறு இல்லை. பற்றுக்கம்பியும் குலையும் ஒரே உறுப்புதான். மொட்டுக்குள் மிகச் சிறிய ஒரு புடைப்பாகத் தொடங்கும்போது அது எதுவாக ஆவது என்று முடிவாகியிருக்காது. வெளிச்சமும் சேமித்த மாவுச்சத்தும் கிடைத்தால் குலையாகும். இருட்டும், தழைச்சத்தின் வேகமும் இருந்தால் பற்றுக்கம்பியாகும். அந்த முடிவு நடப்பது கவாத்து முடிந்து 40-ஆம் நாளிலிருந்து 70-ஆம் நாள்வரை போல, அதாவது இந்தப் போகத்துப் பூவும் பிஞ்சும் நம் கவனம் முழுவதையும் பிடித்துவைத்திருக்கும் அதே சமயத்தில். பந்தல் அடர்ந்து, தளிர் தளிராகக் கிளம்பி, தோட்டம் பார்க்கப் பச்சைப்பசேல் என்று இருக்கும்போது நமக்குச் சந்தோஷமாக இருக்கும். உள்ளே மொட்டுகள் எல்லாம் பற்றுக்கம்பியாக மாறிக்கொண்டிருக்கும்.

அதனால் நான் பார்க்கச் சொல்வது ஒன்றுதான். உச்சிவெயில் நேரத்தில் பந்தலுக்கு அடியில் போய்த் தரையைப் பாருங்கள். வெயில் காசு காசாகத் தரையெங்கும் சிதறிக் கிடக்க வேண்டும். தரை ஒரே நிழலாக இருந்தால் தளிர் கழிக்க வேண்டியிருக்கிறது. வெயில் பட்டை பட்டையாக விழுந்தால் கழித்தது கூடிப்போனது, குலை வெயிலில் வாடும். இதே நாட்களில் யூரியாவை அள்ளிப் போடுவதும், தண்ணீரை அளவில்லாமல் விடுவதும் வேண்டாம். சாம்பல்சத்தை (பொட்டாஷ்) இரண்டாகப் பிரித்து, பாதியைக் கவாத்து முடிந்ததும், மீதியை 60-ஆம் நாளிலும் கொடுங்கள். எரு, தழை, மணிச்சத்து அளவெல்லாம் மண் பரிசோதனைச் சீட்டைப் பார்த்து.

விதையில்லாத ரகத்துக்கு ஜிப்ரலிக் அமிலம் என்ற வளர்ச்சி ஊக்கியில் குலையை முக்குவதைப் பார்த்துவிட்டு இதற்கும் செய்யலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். பன்னீருக்கு விதை இருக்கிறது, காயைப் பெரிதாக்கும் வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். மொட்டைக் குலைப் பக்கத்திலிருந்து பற்றுக்கம்பிப் பக்கம் தள்ளுவதும் இதே ஜிப்ரலின்தான்.

பூவும் பிஞ்சும்

பன்னீரின் பெரிய பலவீனம் பூவில் இருக்கிறது. காய் சரியாகப் பிடிக்காமல் பெரிய பழங்களுக்கு நடுவில் மிளகு அளவில் பிஞ்சுகள் நின்றுவிடும். போரான் குறைந்தால் இது கூடும். பூப்பதற்கு முன் ஒரு முறையும், பத்து நாள் கழித்து ஒரு முறையும், லிட்டருக்கு போரிக் அமிலம் 1 கிராம், துத்தநாக சல்பேட் 2 கிராம், யூரியா 10 கிராம் கலந்து தெளிக்கலாம்.

பிஞ்சு பட்டாணி அளவு வந்ததும் நெருக்கமான குலைகளில் ஐந்தில் ஒரு பங்குப் பிஞ்சைக் கத்தரித்து எடுக்க வேண்டும். கம்பிக்கு மேலே மாட்டிக்கொண்ட குலைகளை மெதுவாகக் கீழே இறக்கிவிட வேண்டும். காய்த்ததை வெட்டி எறிய மனம் வராதுதான். ஆனால் கறுத்த குலையில் சிவப்புப் பழங்கள் திட்டுத்திட்டாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கொடி தாங்க முடியாத சுமையைச் சுமந்தால் அப்படி ஆகும். வியாபாரி அந்தக் குலையைக் காட்டித்தான் விலையை இறக்குவார். காய் பிடித்த 20-ஆம் நாளும் 40-ஆம் நாளும் பொட்டாசியம் குளோரைடு லிட்டருக்கு 2 கிராம் தெளித்தால் நிறம் ஓரளவு சீராக வரும். குலை எண்ணிக்கையைக் குறைக்காமல் அதை மட்டும் தெளிப்பதில் பெரிய பயன் இல்லை.

நோயும் பூச்சியும்

அடிச்சாம்பல்தான் முதல் எதிரி. இலையின் மேல்பக்கம் எண்ணெய் சிந்தியது போல மஞ்சள் திட்டு, திருப்பினால் அடியில் வெள்ளைப் பூஞ்சை. வந்த பிறகு விரட்டுவது கடினம், வருமுன் தடுப்பது போர்டோ கலவையில் எளிது. பிரான்சில் போர்டோ பக்கம் சாலையோரத் திராட்சையை வழிப்போக்கர்கள் பறிக்காமல் இருக்கத் தெளித்துவைத்திருந்த கலவை இது. அந்தக் கொடிகளில் மட்டும் நோய் இல்லாததைக் கவனித்த மில்லார்டே என்ற பேராசிரியர் 1885-ல் இதை உலகத்துக்குச் சொன்னார். இன்றுவரை இதற்கு ஈடாக மலிவான மருந்து வரவில்லை.

கடையில் தயாராக வாங்குவதைவிட நாமே கலப்பது நல்லது. 10 லிட்டருக்கு மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 100 கிராம், சுட்ட கற்சுண்ணாம்பு 100 கிராம். பிளாஸ்டிக் வாளியோ மண்பானையோ எடுங்கள், இரும்புப் பாத்திரம் கூடாது. ஒரு வாளியில் 5 லிட்டர் தண்ணீரில் மயில்துத்தத்தைத் துணியில் கட்டி இரவே தொங்கவிட்டால் காலையில் கரைந்திருக்கும். இன்னொரு வாளியில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு நீற்றி, 5 லிட்டராக்கி, வடிகட்ட வேண்டும். சுண்ணாம்புத் தண்ணீரைக் கிளறிக்கொண்டே அதில் மயில்துத்தக் கரைசலை ஊற்றுங்கள். வெளிர் நீலமாக வரும். பளபளவென்று தேய்த்த இரும்புக் கத்தியைச் சிறிது நேரம் முக்கி எடுத்துப் பார்க்க வேண்டும். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் இலையைக் கருக்கிவிடும், இன்னும் சுண்ணாம்புத் தண்ணீர் சேருங்கள். கத்தி பளிச்சென்றே இருந்தால் தெளிக்கலாம். கலந்த அன்றைக்கே தெளித்து முடித்துவிட வேண்டும். கவாத்து முடிந்ததும் தண்டுக்கும் கிளைக்கும் ஒரு முறை, தளிர் விரிந்ததும் ஒரு முறை, பிறகு மேகத்தைப் பார்த்து.

சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 முதல் 3 கிராம், காலை வேளையில் மட்டும். வெயில் ஏறிய பிறகு தெளித்தால் தளிர் கருகும். ஒயினுக்கோ பழரசத்துக்கோ பழம் கொடுக்கிறவர்கள் வெட்டுக்கு ஒரு மாதம் முன்பே கந்தகத்தை நிறுத்திவிட வேண்டும். தோலில் மிச்சமிருக்கும் கந்தகம் நொதிக்கும்போது அழுகின முட்டை வாசம் கிளப்பும்.

மாவுப்பூச்சி வந்தால் முதலில் எறும்பைப் பாருங்கள். பூச்சி சுரக்கும் இனிப்புக்காக எறும்பு அதைக் காவல் காக்கும். தண்டில் எறும்பு ஏறாமல் தடுத்துவிட்டு, கொடிக்கு 10 வீதம் கிரிப்டோலேமஸ் பொறிவண்டுகளை விட்டால் அவை தின்று தீர்த்துவிடும். வண்டு விட்ட பந்தலில் கடும் பூச்சிமருந்து அடிக்கக் கூடாது.

வெட்டு

பழம் வெட்டுவதற்கு ஒரு வாரம் முன்னால் தண்ணீரை நிறுத்துங்கள். திராட்சை பறித்த பிறகு பழுக்காது, கொடியில் இருக்கும்போது எவ்வளவு இனிப்போ அவ்வளவுதான். நிறத்தை மட்டும் நம்பி வெட்டக் கூடாது. குலையின் நுனியில் இருக்கும் பழத்தைப் பிய்த்துச் சுவையுங்கள், இனிப்பு கடைசியாக ஏறுவது அங்கேதான். விதையைத் துப்பிப் பாருங்கள். பச்சையாக இருந்தால் பொறுங்கள், பழுப்பாகியிருந்தால் சரி. சர்க்கரை பார்க்கும் கருவி கையில் இருந்தால், சாப்பிடும் பழத்துக்கு 18 பிரிக்ஸ் போல வந்ததும் வெட்டலாம். ஒயினுக்கு என்றால் 20-ஐத் தாண்டவிடுவது நல்லது. பன்னீர் வாசம் தோலில்தான் இருக்கிறது, முழுதாகப் பழுத்தால்தான் அது வரும். இந்தப் பழத்தில் அடர்ந்த கறுப்பு ஒயின் வராது. வெளிர்சிவப்பாக, வாசமாக வரும். அதற்கேற்ற ஆளிடம் கொடுத்தால் அதுவே பெருமை.

பனி காய்ந்த பிறகு காலையில் வெட்டுங்கள். காம்பைப் பிடித்து வெட்ட வேண்டும், பழத்தில் கை படக் கூடாது. தோலின்மேல் வெண்சாம்பல் பூத்தது போல் இருக்கும் மெழுகு கலையாமல் இருந்தால்தான் பழம் வாடாமல் தாங்கும், வியாபாரியும் அதைத்தான் முதலில் பார்ப்பார். வெடித்த பழம், பூஞ்சை பிடித்த பழம் இரண்டையும் பெட்டியில் அடுக்குமுன் கத்தரித்து எடுத்துவிடுங்கள்.

பணம் கைக்கு வந்ததும் தோட்டத்தை மறந்துவிடுகிற வழக்கம் பலருக்கு உண்டு. வெட்டு முடிந்த வாரமே கொடிக்குத் தண்ணீரும் எருவும் போக வேண்டும். சுமை இறங்கிய கொடி, இலை உழைக்க உழைக்க, தண்டிலும் வேரிலும் சத்தைச் சேர்த்துக்கொள்ளும். ஆகவே வெட்டு முடிந்த பிறகும் இலையில் நோய் வராமல் ஒரு முறை போர்டோ தெளியுங்கள். மே கவாத்துக்கு முன் ஒரு மாதமாவது இந்த ஓய்வு வேண்டும். செப்டம்பரில் பழம் வெட்டியவர்களுக்கு டிசம்பர்வரை மூன்று மாதம் கிடைக்கும், அதை இன்னொரு போகத்துக்காகப் பறித்துக்கொள்ள வேண்டாம். குச்சி அடியிலிருந்து பாதிக்குமேல் பழுப்பு ஏறியிருக்கிறதா என்று பந்தலைச் சுற்றிப் பாருங்கள். ஏறியிருந்தால் தண்ணீரை நிறுத்திவிட்டு, 15 நாள் கழித்துக் கத்திரியை எடுக்கலாம். ஏறவில்லை என்றால் இன்னும் பத்து நாள் பொறுத்து மறுபடி பாருங்கள்.